உள்ளீடற்ற தண்டின் வலிமை: பழவேற்காட்டு மூங்கில் கழியை முன்வைத்து

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பரப்பில் பெரிதானாலும் அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இவ்வளவு ஆழமற்ற நீரில் சேற்றில் கழி ஊன்றித் தள்ளிப் படகை நகர்த்தலாம். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் ‘பாடு’ என்னும் வழக்கப்படி முறைவைத்து இறால் பிடிக்கும் சுத்துவலைக்கும் நீரில் நட்ட கழிகளே பிடிமானம். இந்தத் தொழில் ஒரு மூங்கிலிடம் எதிர்பார்ப்பதைக் கூர்ந்து நோக்கினால் மூங்கிலை எப்படி அளக்க வேண்டும் என்பதும் தெளிவாகும். வெளிச்சுற்றளவை மட்டும் அளப்பது தண்டின் வலிமைக்கும் சரியான அளவுகோலாகாது, உயிர்த்திரளுக்கும், அதாவது தண்டில் சேர்ந்த உலர் எடைக்கும், ஆகாது. சுவரின் கனமும் தண்டின் வயதும் கணக்கில் சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊன்றித் தள்ளும்போது கழி நெடுக்கில் அழுத்தப்படுகிறது. சேறு நுனியைப் பற்றிக்கொள்ளும்போது வளையவும் செய்கிறது. வளையும் தண்டில் இழுவிசையும் அழுத்தவிசையும் உச்சம் பெறுவது வெளிப்புறத்தில். நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. 5 செ.மீ. வெளிவிட்டமும் 3 செ.மீ. உள்விட்டமும் கொண்ட குழாயை அதே வெளிவிட்டமுள்ள திண்மையான தண்டோடு ஒப்பிடுவோம். குழாயில் பொருள் 36 விழுக்காடு குறைவு. விறைப்போ 13 விழுக்காடுதான் குறைகிறது. அதே பொருளை 4 செ.மீ. தடித்த திண்மையான கழியாக்கினால், விறைப்பு குழாயினுடையதில் பாதிக்கும் கீழே போய்விடும். மூங்கில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதன் நார்க் கற்றைகள் சுவர் முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. வெளிப்புறம் நெருங்கியும் உட்புறம் விலகியும் நிற்கின்றன. நுனிப்பக்கம் சுவர் மெலிய மெலிய நாரின் பங்கு கூடுகிறது. விசை மிகும் இடத்தில் நாரும் மிகும் இந்த அமைப்பு வியந்து போற்றத்தக்கது.

உயிர்த்திரள் கணக்கு தடுமாறுவதும் இங்கேதான். 5 செ.மீ. வெளிவிட்டமுள்ள இரு தண்டுகளில் ஒன்றின் சுவர் 1 செ.மீ., மற்றொன்றின் சுவர் அரை செ.மீ. என்றால், அவற்றின் பொருளளவு 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கும். வெளிவிட்டத்தை மட்டும் குறிக்கும் பதிவேடு இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். வயது இன்னொரு சிக்கல். மூங்கிலுக்கு மரங்களைப் போலத் தடிமன் ஏறும் வளர்ச்சி கிடையாது. மண்ணைவிட்டு வரும்போதே விட்டம் தீர்மானமாகிவிடுகிறது, சில மாதங்களில் உயரமும் முடிந்துவிடுகிறது. அதன்பின் சில ஆண்டுகளுக்கு லிக்னின் ஏறி நார்ச்சுவர் தடிப்பது வெளி அளவில் தெரியாது. இளந்தண்டும் முதிர்ந்த தண்டும் ஒரே பருமனாக இருந்தாலும் உலர் எடையில் வேறுபடும்.

உள்ளீடு மிகுந்த கல்மூங்கில்தானே உறுதியானது என்று கேட்கலாம். ஒரே பருமனில் அது உறுதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நாள் முழுதும் தூக்கி ஊன்றுபவருக்குக் கையில் ஏறும் எடையும் ஒரு கணக்கு. எடைக்கு எடை பார்த்தால் குழல்வடிவம் முந்துகிறது. வலைக்கு நடும் கழியை யாரும் தூக்கி ஊன்றிக்கொண்டிருப்பதில்லை என்பதால் அங்கே கல்மூங்கிலே பொருத்தம். கணுக்களே பலவீனம் என்பது அடுத்த மறுப்பு. கணுவில் நார்கள் திசைமாறுவதால் இழுவையில் அது தளர்ந்த இடமே. ஆயினும் கணுவிடையில் குறுக்குப் பிணைப்பு இல்லாததால் தண்டு நெடுக்கில் பிளக்கத் துடிக்கும்போது அதைத் தடுப்பதும், குழாய் நசுங்காமல் காப்பதும் கணுக்குறுக்குச் சுவரே. மூன்றாவது மறுப்பு கனமானது: மூங்கில் உளுத்துப்போகும், பிளாஸ்டிக் குழாய் உளுக்காது. உளுப்பதற்குப் பெரிய காரணம் மென்திசுவில் தேங்கிய மாவுச்சத்து. துளைப்பான் வண்டுக்கு அதுதான் இரை. வெட்டியபின் நீரில் ஊறவைத்தால் அதில் ஒரு பகுதி கரைந்துபோகும். பிளாஸ்டிக் குழாயோ எளிதில் துவளும். வெயில் பட்டுப் பட்டு நொறுங்கும் தன்மையும் பெறும்.

உப்பேறிய ஏரிக்கரைக்குக் கழி வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மரமாக எண்ணிய மூங்கிலை, 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும்போது அந்த வரையறையிலிருந்து விடுவித்தது. இனி உழவர் நிலத்தில் வளர்ப்பவர்கள் தண்டு முளைத்த ஆண்டை அதன்மேலேயே குறித்துவைக்கலாம். வெட்டுவாயில் சுவரின் கனத்தை அளந்து எழுதலாம். இவ்விரண்டு குறிப்புகளும் இருந்தால் மீனவர் பிஞ்சுக் கழிக்கு முதிர்ந்த கழியின் விலை கொடுக்க நேராது. உயிர்த்திரள் கணக்கிடுபவரும் அதே குறிப்புகளை எடுத்தாள முடியும்.