கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்

வயதான தாய் தந்தையரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று சொல்லாத நூல் நம்மிடம் கிடையாது. அந்தக் கடமையைத் தினமும் செய்கிறவர் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார், கடைசியாக எப்போது ஒரு கல்யாணத்துக்குப் போனார் என்று கேட்ட நூலை நான் பார்த்ததில்லை. இந்தியாவில் அந்தக் கேள்வி எழுந்து, அதற்கென்று அமைப்புகள் பிறந்தது சுமார் முப்பது வருடச் சரித்திரம்தான். அதில் பெரும்பகுதி கேரளத்தில் நடந்தது. மும்பைத் தமிழனான நான் அதை நம் மலரில் எழுதக் காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது? நாதியற்ற முதியவர்களுக்கு இல்லங்கள் இருந்தன. 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற கன்னியர் சபை 1882இலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. 1978இல் ஹெல்ப்ஏஜ் இந்தியா தொடங்கியது. குடும்பம் உள்ளவர்களுக்கோ சட்டம் இருந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு பெற்றோரும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் தனித் தீர்ப்பாயம் அமைத்து, மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர வழி செய்தது. இந்தச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்கு மகன், மகள், பேரன், பேத்தி என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். மருமகள் அதில் இல்லை! அவரையும் மருமகனையும் சேர்க்க 2019இல் கொண்டுவந்த திருத்த மசோதா சட்டமாகவில்லை. சேர்த்திருந்தாலும் பொறுப்பாளி என்றுதான் சேர்த்திருப்பார்கள். அவருக்கும் ஒரு கை உதவி வேண்டும் என்று அல்ல.

மருமகளை முதலில் கண்ணெடுத்துப் பார்த்தவர்கள் மறதிநோய் மருத்துவர்கள்தான். 1992இல் டாக்டர் ஜேக்கப் ராய் கேரளத்தில் இந்திய அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்று ஒரு குழு அமைத்தார்கள். மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே பெயரின் பொருள். அந்தக் குழுவைச் சேர்ந்த டாக்டர் கே.எஸ். ஷாஜி முதலானோர் திருச்சூர்ப் பக்கத்து வீடுகளில் பராமரிப்பவர்களைச் சந்தித்துப் பேசி, 2003இல் வெளியிட்ட ஆய்வு சிறியதுதான். ஆனால் படித்தால் நம் வீட்டுக் கதை. பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், பலர் மருமகள்கள். மாமியாருக்கு வந்திருப்பது நோய் என்றே அவர்களுக்குத் தெரியாது. வயசாயிடுச்சு என்றோ, வேணும்னே பண்றாங்க என்றோ நினைத்திருந்தார்கள். இது நோய் என்று வாசலுக்கு வந்து சொல்ல ஓர் ஆள் இருந்தாலே அந்த வீட்டில் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதே காலத்தில் கோழிக்கோட்டில் வேறொன்று நடந்தது. 1993இல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் வலி தணிப்பு மருத்துவத்துக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். ஆகவே சிகிச்சையே வீட்டுக்குப் போகட்டும் என்ற நிலை வந்தது. 2000ஐ ஒட்டி மலப்புறம் மாவட்டத்தில் இது ஊர்க்காரர்களின் காரியமாகவே ஆயிற்று. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தர முடிந்தவர் யாரானாலும் சேரலாம். 16 மணி நேரப் பாடம், நான்கு நாள் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி, அவ்வளவுதான் தகுதி. பத்துப் பதினைந்து பேர் தேறினால் ஒரு கிளை. பணம்? கடைக்காரர், பஸ் தொழிலாளி, பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாரும் போடும் சில்லறை. நாளுக்கு ஒரு ரூபாய்கூடக் கணக்கில் உண்டு. முதலில் புற்றுநோயாளிகளுக்கென்று இருந்தது, பிறகு பக்கவாதம், முதுமைத் தளர்ச்சி என்று விரிந்தது. நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டும்போதே பக்கத்தில் நிற்கும் மகளுக்கும் மருமகளுக்கும் அதைக் கற்றுக்கொடுப்பார். தொண்டர் உட்கார்ந்து பேசுவார். அரிசி இல்லாத வீடு என்றால் அரிசி வரும்.

2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது; இந்திய மாநிலங்களில் அதுதான் முதல். பஞ்சாயத்துகள் வீட்டுச் சேவையை ஏற்று நடத்தத் தொடங்கின. 'ஆசுவாசகிரணம்' என்ற பெயரில் இன்னொரு திட்டமும் வந்தது. படுக்கையில் இருப்பவருக்கு அல்லாமல், அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் ஒரு தொகை. அது 600 ரூபாய் வரை உயர்ந்தது. அறுநூறு ரூபாயில் என்ன வரும் என்று கேட்கலாம்தான். ஆனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவரின் பெயரை அரசாங்கம் ஒரு பட்டியலில் எழுதியது சின்ன விஷயம் அல்ல.

இப்படிப்பட்ட உதவியால் பலன் உண்டா என்பதைக் கோவாவில் 81 குடும்பங்களை வைத்துச் சோதித்தார்கள். குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் ஆறு மாதம் மறதிநோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வந்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. நோயாளியின் நோய் குணமாகவில்லை. அது யாரும் எதிர்பார்த்ததும் அல்ல. பராமரித்தவர்களின் மனச்சுமை தெளிவாகக் குறைந்திருந்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்த மாத்திரையோடு பிசியோதெரபியையும் வலி தணிப்புச் சேவையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. ஊரில் பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு இங்கே கவலைப்படும் நம்மவர்கள், அங்கே துணை சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லலாம். அதே 2021இல் நாடு முழுதுக்கும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் வந்தது.

இனி மும்பைக்கு வருகிறேன். நம்மவர்கள் இந்த ஊரில் கூட்டாகக் கட்டியவை கொஞ்சமா? 1932இலேயே மாதுங்காவில் கல்விச் சங்கம், 1952இல் சண்முகானந்த சபா, ஐயப்பன் கோவில், பஜனை சமாஜம். அப்போது வந்தவர்களுக்கு வயது இருபது, இருபத்தைந்து. பள்ளிக்கூடமும் கச்சேரியும்தான் தேவைப்பட்டன. இப்போது அந்தத் தலைமுறையில் மிஞ்சியவர்கள் கட்டிலில் இருக்கிறார்கள்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். பாட்டிக்கு 84 வயது. நாற்பது வருடம் மார்க்கெட்டில் மராத்தியில் பேரம் பேசியவர். மறதிநோய் வந்தபின் மராத்தி போய்விட்டது, இந்தி போய்விட்டது, தமிழ் மட்டும் நிற்கிறது. பின்னால் கற்ற மொழி முன்னால் போவது இந்நோயில் பலருக்கும் உண்டு. பியூரோவிலிருந்து வரும் மாவுஷி நல்ல பெண்மணி, ஆனால் 'வெந்நீர்' என்றால் அவருக்குப் புரியாது. பாட்டி கோபத்தில் டம்ளரை எறிவார். ஒரு வருடத்தில் நான்கு மாவுஷிகள் மாறிவிட்டார்கள். மருமகள் என்னிடம் சொன்னார்: "பணம் கொடுத்தா ஆள் கெடைக்குது அண்ணாச்சி. ரெண்டு மணி நேரம் அத்தைகூடத் தமிழ்ல பேசிக்கிட்டு யாராவது இருந்தா, நான் தலைக்குக் குளிச்சிட்டு பேங்க்குக்குப் போயிட்டு வந்துருவேன்."

மலப்புறத்தில் கேட்பதும் அதே இரண்டு மணி நேரம்தான். கேரளத்துப் பஞ்சாயத்து நமக்கு இங்கே கிடையாது; மாநகராட்சி நர்ஸ் வந்தாலும் தமிழ் பேசப்போவதில்லை. நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ்கள் இருக்கிறார்கள், பேங்கில் இருந்தவர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வாசலில் அரட்டை அடிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது ஒன்றே ஒன்று. உறுப்பினர் படிவத்தில் இரண்டு வரி கூட்ட வேண்டும்: வீட்டில் படுக்கையில் இருப்பவர் யார், அவரைப் பார்த்துக்கொள்பவர் யார். இப்போதுள்ள படிவத்தில் குடும்பத் தலைவரின் பெயருக்கு மட்டுமே இடம் இருக்கிறது.