பாண்டிச்சேரி: தரைமட்டமாகி மறுபடி எழுந்த ஊர்

தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு பாண்டிச்சேரி என்றால் சனி, ஞாயிறு சமாச்சாரம். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே. கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர் வைத்த பிரெஞ்சு வீடுகள், நாலு போட்டோ, ராத்திரி திரும்பி விடலாம். "முன்னூறு வருஷத்துப் பழைய ஊர்ப்பா" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் அந்தத் தெருக்களில் நடக்கிறார்கள்.

ஊர் பழசுதான். ஆனால் அந்தக் கட்டிடங்கள் அவ்வளவு பழசு இல்லை! 1761ல் பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரி இடித்துத் தள்ளப்பட்டது. இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு கட்டியது.

போரில் அழிந்து மீண்ட நகரம் என்றால் உலகம் வார்சாவைச் சொல்லும். போலந்தின் தலைநகர். 1944ல் மக்கள் ஜெர்மானியருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அது அடக்கப்பட்டதும் ஹிட்லரின் படை நகரைத் தெருத் தெருவாக வெடி வைத்துத் தகர்த்தது. போர் முடிந்ததும் போலந்துக்காரர்கள் பழைய நகரை முன்பு இருந்தது போலவே கட்டினார்கள். பெலோட்டோ என்ற ஓவியர் 18ம் நூற்றாண்டில் வரைந்த படங்களும், கட்டிடக்கலை மாணவர்கள் போருக்கு முன் அளந்து வரைந்து வைத்திருந்த வரைபடங்களும் அதற்கு உதவின. 1980ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது.

நம் பக்கத்து ஊருக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஆனால் பாடப் புத்தகத்தில் "வந்தவாசிப் போர், 1760, ஆங்கிலேயர் வெற்றி" என்பதோடு முடித்து விடுகிறார்கள்.

இது ஒரு நாளில் மூண்ட சண்டை இல்லை. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749ல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரில் இருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். அதே வருஷக் கடைசியில் சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையிலேயே சண்டை நடந்தது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் தினமும் கடந்து போகிற அதே பரங்கிமலைதான்!

அப்புறம் காற்று திசை மாறியது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். பிரெஞ்சுக் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் பாண்டிச்சேரி முற்றுகை. உள்ளே சாப்பாடு தீர்ந்து கொண்டே வந்தது. தானியத்தை மிச்சப்படுத்த லாலி ஊர் ஜனங்களை வெளியே விரட்டினார். வெளியே இருந்த ஆங்கிலப் படையும் முதலில் அவர்களை விடவில்லை. இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவே அந்த மக்கள் பல நாள் பட்டினி கிடந்தார்கள். சண்டை இரண்டு வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு இடையில். நடுவில் மாட்டியது நம் ஆட்கள்.

1761 ஜனவரி 1 அன்று பெரும் புயல் அடித்து ஆங்கிலேயரின் பல கப்பல்கள் நாசமாயின. அதுகூட ஊரைக் காப்பாற்றவில்லை. ஜனவரி 16 அன்று ஆங்கிலப் படை உள்ளே நுழைந்தது. கால் நூற்றாண்டு காலம் பாண்டிச்சேரியின் கதையை நாட்குறிப்பாக எழுதி வந்த துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்புதான் இறந்திருந்தார்.

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. பிடித்த ஊர் யாருக்குச் சொந்தம், இங்கிலாந்து ராஜாவுக்கா, கம்பெனிக்கா? ராஜாவின் அதிகாரிகள் தங்களுக்கு என்றார்கள். சென்னை கவர்னர் பிகட், "கம்பெனியிடம் ஒப்படைக்காவிட்டால் படைக்குப் பணம் தர மாட்டோம்" என்று சொல்லி விட்டார். அவ்வளவுதான், ஊர் கம்பெனி கைக்கு வந்தது. கம்பெனி என்ன செய்தது? இடித்தது. கோட்டை, டூப்ளே காலத்து கவர்னர் மாளிகை, சம்பா கோவில் என்று நாம் சொல்லும் மாதா கோவில், எதையும் விடவில்லை. போட்டிக் கம்பெனியின் கடையை மறுபடி திறக்க முடியாமல் செய்வதுதான் நோக்கம்.

எதிரி மட்டும்தான் இடித்தான் என்றும் சொல்ல முடியாது. 1748ல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது டூப்ளே ஆட்சியிலேயே வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை அதை வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கோவிலும் பிற்காலத்தில் வேறு இடத்தில் மறுபடி எழுந்தது.

1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி பாண்டிச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது. 1765ல் லா டி லோரிஸ்டன் கவர்னராக வந்து பொறுப்பேற்றபோது அவர் கைக்குக் கிடைத்தது இடிபாடுகள்தான். ஆனால் ஒன்று அழியவில்லை. அது தெருக்களின் அமைப்பு. 1693ல் ஊரைப் பிடித்துச் சில வருஷம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டம் கட்டமான திட்டம் அது. அதே கோடுகளின் மேல் புது வீடுகள் எழும்பின. புது கவர்னர் மாளிகை வந்தது, அதுதான் பின்னாளில் ராஜ் நிவாஸ் ஆனது. மாதா கோவில் 1791ல் முடிந்தது. பழைய கோட்டை மட்டும் திரும்ப வரவே இல்லை. அது இருந்த இடத்தில்தான் இன்று பாரதி பூங்கா.

எல்லா ஊருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததுதான், அதையும் 1760ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். அதைத் திரும்பக் கட்ட ஆள் இல்லை. இன்றும் செங்கல் சுவர்களாகக் கழிமுகம் ஓரம் நிற்கிறது. பாண்டிச்சேரிக்கு வந்திருக்கக் கூடிய நிலைமையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வழியில் அங்கே இறங்கிப் பார்க்கலாம்.

வார்சா பாணியில் பாண்டிச்சேரி செய்த வேலையும் ஒன்று உண்டு. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டிடம், அதாவது 19ம் நூற்றாண்டு நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதை இடித்தது எந்தப் படையும் இல்லை, பராமரிப்பு இல்லாததுதான்! பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021ல் திறந்தார்கள்.

அப்படியானால் இப்போது நிற்பது பழைய மேரியா, நகலா? வார்சாவைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. கல் புதுசு என்பது உண்மை. ஆனால் தங்கள் ஊர் எப்படி இருந்தது என்று ஜனங்கள் மறக்க மறுத்தார்கள் என்பதும் உண்மை. 1761ல் கம்பெனியால் சுவர்களை இடிக்க முடிந்தது, ஆனால் அங்கே ஓர் ஊர் இருந்தது என்ற நினைவை இடிக்க முடியவில்லை. நான்கே வருஷத்தில் மறுபடி அஸ்திவாரம் தோண்டினார்கள்.

அடுத்த முறை மஞ்சள் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுக்கும்போது, காலுக்குக் கீழே இன்னொரு பாண்டிச்சேரி இருக்கிறது என்பதையும் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள்.