கனத்த குவார்க்குகளைக் கண்டறிந்த வரலாறு



கொத்மலை நீர்த்தேக்கத்தை அறியாதவர் மலைநாட்டில் இலர். 1985-ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட அந்த அணையின் நீர், நிலத்தின் கீழ் அமைந்த மின்நிலையத்திலே மூன்று பெரும் பொறிகளைச் சுழற்றுகின்றது. அம்மூன்றும் முழு அளவில் இயங்கும்போது கிடைக்கும் மின்வலு 201 மெகாவாற்று ஆகும். சுவிற்சர்லாந்தில் ஜெனீவா நகரின் அருகே சேர்ன் என்னும் ஐரோப்பிய ஆய்வு நிலையம் ஒன்று உண்டு. அதன் பொறிகள் யாவும் ஒருங்கே இயங்கும் நாள்களில் அது உட்கொள்ளும் மின்வலுவும் ஏறத்தாழ 200 மெகாவாற்றே. கொத்மலை மின்நிலையம் முழுவதற்கும் ஈடான வலுவைக் கொண்டு அங்கே ஆக்கப்படுவது யாது? நிறுத்து விற்கத்தக்க பண்டம் எதுவும் அன்று. கண்ணிமைக்கும் நேரத்தின் கோடானுகோடியில் ஒரு பங்கு காலமே வாழ்ந்து மறையும் நுண்ணிய துணிக்கைகளே அங்குத் தோற்றுவிக்கப்படுகின்றன. அவற்றுட் சிறந்தவை கனத்த குவார்க்குகள். அவற்றைக் கண்டறிந்த வரலாற்றையும், அவ்வரலாற்றில் நம்மவர்க்குள்ள பங்கையும் இன்று சிறிது நோக்குவோம்.

அணுவின் நடுவே கரு உண்டு. கருவினுள் புரோத்தன்களும் நியூத்திரன்களும் உண்டு. இவையும் பிளக்கவொண்ணா முதற்பொருள்கள் அல்ல, குவார்க்குகள் என்னும் இன்னும் நுண்ணிய துணிக்கைகளால் ஆயவை என்று 1964-ஆம் ஆண்டில் மரே கெல்மான், ஜோர்ஜ் சுவைக் என்னும் இருவர் தனித்தனியே எடுத்துரைத்தனர். இன்று நாம் அறிந்த குவார்க்கு வகைகள் ஆறு. நம் உடலும், தேயிலைக் கொழுந்தும், மலைப்பாறையும் இலத்திரன்களோடு மிக இலேசான இரு வகைக் குவார்க்குகளாலேயே ஆகியுள்ளன. கனத்தவை மூன்று. கவர்ச்சிக் குவார்க்கு புரோத்தனைவிடச் சற்றுக் கனத்தது. அடிக் குவார்க்கு புரோத்தனைப்போல் நாலரை மடங்களவு கனத்தது. உச்சிக் குவார்க்கோ புரோத்தனைப்போல் ஏறக்குறைய 184 மடங்கு திணிவுடையது. ஒரு முழுத் தங்க அணுவின் திணிவை அது நெருங்கி நிற்கின்றது!

இத்துணைக் கனமுள்ளவை ஏன் நம் கண்முன் கிடைப்பதில்லை? அவை தோன்றியவுடன் சிதைந்து இலேசான துணிக்கைகளாக மாறிவிடுகின்றன. ஆதலின் அவற்றை அகழ்ந்தெடுத்தல் இயலாது, ஆக்கித்தான் காணவேண்டும். சக்தியும் திணிவும் ஒன்று மற்றொன்றாக மாறவல்லன என்று ஐன்ஸ்டைன் 1905-ஆம் ஆண்டிற் காட்டினார். பெருவேகங்கொண்ட இரு துணிக்கைகளை எதிரெதிரே மோதவிட்டால், அவற்றின் சக்தி புதிய கனத்த துணிக்கைகளாகத் திரளும். மோதுபொறிகளின் அடிப்படை இதுவே.

இத்தகைய பொறிகள் வளர்ச்சியுறுமுன் மலைகளே ஆய்வுகூடங்களாக விளங்கின. வானிலிருந்து வந்து பொழியும் அண்டக்கதிர்கள் உயர்ந்த மலைகளில் மிகுதி. கல்கத்தாவின் போஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த தேவேந்திர மோகன் போஸும், விபா சௌதுரி என்னும் பெண்மணியும் நிழற்படத் தகடுகளைத் தேயிலைக்குப் பேர்போன டார்ஜிலிங்கிலும், அதற்கப்பாலுள்ள சந்தக்பூ மலைமுகட்டிலும் வைத்துத் துணிக்கைகளின் சுவடுகளைப் பதிவுசெய்தனர். சந்தக்பூ, நமது பீதுருதாலகாலையினும் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்தது. அன்று அவர்கள் தேடியவை குவார்க்குகள் அல்ல, மீசன்கள். இலத்திரனைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு கனத்த துணிக்கையின் சுவட்டைக் கண்டு, 1940-ஆம் ஆண்டு தொடங்கி ‘நேச்சர்’ இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஆயின், உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. இன்னும் நுண்மை வாய்ந்த தகடுகள் கல்கத்தாவுக்குக் கிட்டவில்லை, ஆய்வு தடைப்பட்டது. பின்னர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செசில் பவல் என்பவர் சிறந்த தகடுகளைக் கொண்டு அதே வழியிற் சென்று பயன் கண்டார். 1950-ஆம் ஆண்டின் நோபெல் பரிசும் அவரையே சார்ந்தது. கல்கத்தாவிற் குறைந்தது அறிவன்று, தகடு! இதனை நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக.

இனி, கனத்த குவார்க்குகளின் கதைக்கு வருவோம். 1974-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் கீழ்க்கரையில் சாமுவேல் டிங்கின் குழுவினரும், மேற்கரையில் பேட்டன் ரிக்டரின் குழுவினரும் ஒரே துணிக்கையை ஒருவரறியாது ஒருவர் கண்டுபிடித்தனர். கவர்ச்சிக் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் இணைந்த இணை அது. 1977-இல் சிகாகோவை அடுத்த பெர்மி ஆய்வுகூடத்தில் லியோன் லெடர்மனின் குழுவினர் அடிக் குவார்க்கின் இருப்பை நிலைநாட்டினர். அடிக்கு ஒரு துணை இருத்தல் வேண்டுமென்பது அறிஞர் துணிபு. ஆயினும், அந்த உச்சிக் குவார்க்கு அகப்பட மேலும் 18 ஆண்டுகள் சென்றன.

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை அடையாளங் காண்பது எவ்வாறு? அடிக் குவார்க்கு அடங்கிய துணிக்கை, ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் ஒன்றரைப் பங்கு காலமே வாழ்வது. அதற்குள் அது சில மில்லிமீற்றர் தூரம் ஓடிவிடும். மோதல் நிகழ்ந்த புள்ளிக்குச் சற்று விலகி மற்றொரு புள்ளியிலிருந்து சுவடுகள் கிளைப்பின், அங்கே அடிக் குவார்க்கு ஒன்று சிதைந்ததென்று கொள்ளலாம். உச்சிக் குவார்க்குக்கோ இவ்வளவு ஆயுளும் இல்லை. ஒளி ஒரு புரோத்தனைக் கடக்கும் நேரத்துக்குள்ளேயே அது மாய்ந்துவிடும். அதைத் தேடுதற்கு ஓர் உபாயத்தை 1983-ஆம் ஆண்டில் ரோகிணி கோட்போலே, சந்தீப் பாக்வாசா, டி. பி. ராய் என்னும் இந்திய அறிஞர் மூவர் எடுத்துரைத்தனர். இலேசான குவார்க்கு சிதையும்போது வெளிப்படும் இலத்திரனோ மியூவனோ ஏனைய துணிக்கைகளின் நெரிசலுக்குள் சிக்கியிருக்கும். மிகக் கனத்த உச்சிக் குவார்க்கு சிதையும்போதோ அது கூட்டத்தை விட்டுத் தனித்து நிற்கும். அத்தனித்த துணிக்கையே உச்சியைக் காட்டும் அடையாளம் என்றனர் அவர்கள்.

1995-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2-ஆம் நாள், பெர்மி ஆய்வுகூடத்தின் இரு பெருங் குழுக்கள் உச்சிக் குவார்க்கைக் கண்டுவிட்டதாக அறிவித்தன. அவற்றுள் ஒன்றான டீ-சீரோ குழுவில், மும்பையின் டாட்டா ஆய்வு நிலையமும், தில்லி, பஞ்சாப் பல்கலைக்கழகங்களும் பங்குகொண்டிருந்தன. தகடின்றித் தடைப்பட்ட நாட்டவர், அரை நூற்றாண்டு கழிந்தபின், உலகின் மிகக் கனத்த துணிக்கையைக் கண்டவர் வரிசையில் இடம்பெற்றனர்.

அதன்பின் இவ்வாய்வு மேலும் விரிந்தது. ஜெனீவாவில் நிலத்தடியே 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் அமைந்த மோதுபொறியிலே, ஈயக் கருக்களை மோதவிட்டு, உலகம் தோன்றிய தொடக்கத்தில் இருந்த கொதிநிலையை ஒரு கணம் உண்டாக்குகின்றனர். அக்கொதிப்பில் கனத்த குவார்க்கு இணைகள் கரைந்து பிரிகின்றனவா என்று மியூவன்களைக் கொண்டு அளக்கும் கருவிக்கு, கல்கத்தாவின் சாகா நிலையத்தார் வகுத்த ‘மானஸ்’ என்னும் மின்னணுச் சில்லு உறுப்பாயிற்று. ஜப்பானின் சுகுபா நகரிலுள்ள மோதுபொறியில் அடிக் குவார்க்குகளை ஆராயும் குழுவில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் உளர். நமது இலங்கையும் 2017-ஆம் ஆண்டில் சேர்ன் நிலையத்தோடு ஒத்துழைப்புக்கு விருப்பந் தெரிவித்துக் கைச்சாத்திட்டது. அந்நிலையத்தின் சீ.எம்.எஸ். என்னும் குழு வெளியிடும் ஆய்வேடுகளில் மாத்தறையிலுள்ள றுகுணுப் பல்கலைக்கழகத்தின் பெயரும் காணப்படுகின்றது.

இவ்வளவு முயற்சியாலும் பயன் யாது என்று கேட்போர் உளர். பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகத் தோன்றியிருப்பின் ஒன்றையொன்று அழித்து உலகமே இல்லாதொழிந்திருக்கும். பொருள் எஞ்சியது எங்ஙனம்? இரண்டின் நடத்தையிலும் நுண்ணிய வேறுபாடு உண்டென்பதைக் கனத்த குவார்க்குகளே தெளிவுறக் காட்டுகின்றன. இதனை 1973-இல் கணித்துரைத்த ஜப்பானியர் கோபயாசியும் மஸ்காவாவும், 2001-இல் அது சோதனையால் உறுதிப்பட்டபின், 2008-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். ஆயினும், கண்ட வேறுபாடு உலகின் இருப்பை விளக்கப் போதாது. எஞ்சிய விடையைத் தேடுவோர்க்கு இன்னும் இடமுண்டு.

அவ்விடம் யாருக்கு உரியது? 2014-ஆம் ஆண்டிலிருந்து சேர்ன் நிலையம் தன் மோதற் பதிவுகளின் ஒரு பகுதியை எவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிட்டு வருகின்றது. உயர்வகுப்பு மாணவர் உண்மையான பதிவுகளை ஆராயும் பயிற்சி வகுப்புகளும் 2005-ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் நடைபெறுகின்றன. கல்கத்தாவுக்கு அன்று வந்துசேராத தகடு, இன்று ஒரு கணினி வழியாகக் கொத்மலைக்கும் வந்துசேரும்! ஆயின், வந்த தகட்டைப் படிக்கக் கற்றவர் வேண்டுமன்றோ? மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை தேவையை நோக்க மிகச் சிலவே. பௌதிகம் கற்பிக்க ஆசிரியரின்மையால், ஆற்றலுடைய பிள்ளைகள் வேறு துறைகளுக்குத் திரும்புகின்றனர். கருவியின் பஞ்சம் ஒரு தலைமுறைக்கு முன் நீங்கிற்று. கல்வியின் பஞ்சம் நீங்கவில்லை. கொத்மலையின் நீர் இருளை அகற்ற ஒளி தருகின்றது. அம்மலைகளிற் பிறந்த பிள்ளைகளுக்கு விஞ்ஞானக் கல்வி கிட்டச் செய்வது அரசினர்க்கும், ஆசிரியர்க்கும், பெற்றோர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.