அஞ்சுதெங்கு: கோட்டைக்கு இடம் கொடுத்த அரசும் மிளகு விளைவித்த குடிகளும்

அந்நிய நிறுவனங்களை ஈர்ப்பதற்காக மாநிலங்கள் தமக்குள் போட்டியிடுவது 1991க்குப் பிறகு தோன்றிய வழக்கம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரை வரலாறு இக்கருத்தோடு ஒத்துப்போகவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் தென்கேரளம் ஒரே அரசின்கீழ் இருக்கவில்லை. வேணாட்டு மரபிலிருந்து கிளைத்த திருவிதாங்கூர், ஆற்றிங்கல், கொல்லம், கொட்டாரக்கரை ஆகிய சிற்றரசுகளும், அவற்றுக்கு வடக்கே காயங்குளமும் மிளகு வாணிகத்தையே பெரிதும் நம்பியிருந்தன. எந்தத் துறையில் அந்நியக் கப்பல் நங்கூரமிட்டதோ, அத்துறைக்குரிய அரசுக்கே சுங்கமும் படைக்கருவிகளும் கிடைத்தன. எனவே கம்பெனிகளைத் தம் பக்கம் இழுப்பது அரசியல் தேவையாகவும் இருந்தது.

ஆங்கிலேயர் 1644இல் விழிஞத்தில் பண்டகசாலை அமைத்தனர். பின்னர் கொல்லத்தையும், 1663இல் கொச்சியையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர், மிளகைத் தமக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற ஒப்பந்தங்களால் அரசர்களைக் கட்டினர். இச்சூழலில்தான் ஆற்றிங்கல் ராணி 1684இல் ஆங்கிலக் கம்பெனிக்கு அஞ்சுதெங்கில் இடம் அளித்தார். ஐந்து தென்னைகளின் பெயர் தாங்கிய, கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டு அது. டச்சுக்காரருக்கு எதிராக இன்னொரு வணிகரை நிறுத்தினால் விலை உயரும், அரசின் பேரவலிமையும் கூடும் என்ற கணக்கு இதன் பின்னே இருந்தது எனக் கொள்ளலாம்.

அக்கணக்கு பிழையானதன்று. ஆனால் அடுத்த பத்தாண்டில் கோட்டை கட்டவும் இசைவு கிடைத்தது. 1695இல் கோட்டை எழுந்தது. பண்டகசாலையை மூடச் சொல்ல ஓர் ஆணை போதும். பீரங்கி ஏற்றிய கோட்டையிடம் அந்த ஆணை செல்லாது. வெளியேறச் சொல்லும் உரிமையே அரசின் முதன்மையான பேரக் கருவி. அதை ஆற்றிங்கல் தன் கையாலேயே கொடுத்துவிட்டது.

இதன் சுமை குடிகள்மீது விழுந்தது. மிளகு விலையிலும் எடையிலும் மோசடி நடப்பதாகவும், அதிகாரிகள் சொந்த வாணிகம் நடத்துவதாகவும் மனக்கசப்பு வளர்ந்தது. 1721 ஏப்ரலில் அஞ்சுதெங்கின் தலைவர் வில்லியம் கிஃபோர்டு, ராணிக்குரிய பரிசுப்பொருள்களோடு ஏறத்தாழ 140 பேருடன் ஆற்றிங்கலுக்குச் சென்றார். பரிசுகள் தங்கள் வழியாகவே செல்ல வேண்டும் என்பது உள்ளூர்ப் பிள்ளைமாரின் கோரிக்கை. கிஃபோர்டு அதை ஏற்கவில்லை. அவர் குழு தாக்கப்பட்டு அழிந்தது. கோட்டையும் ஏறத்தாழ ஆறு மாதம் முற்றுகையில் இருந்தது.

முற்றுகை தோற்றபின் நிகழ்ந்ததே கவனத்துக்குரியது. கம்பெனி வெளியேறவில்லை, இழப்பீட்டோடு ஆற்றிங்கல் பகுதியின் மிளகு வாணிக ஏகபோகத்தையும் பெற்றது. டச்சுக்காரருக்கு மறுக்க நினைத்த உரிமை ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது.

1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா சிற்றரசுகளை இணைத்து அவற்றிடையிலான போட்டியை முடித்தார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றார்; மிளகை அரசின் ஏகபோகமாக்கினார். பல விற்பனையாளரைத் தனித்தனியே அணுகிய கம்பெனிகள் இப்போது ஒரே விற்பனையாளரை எதிர்கொண்டன. 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக்காரர் அந்நிலையை ஏற்க நேர்ந்தது. எனினும் விளைவித்தவர் நிலை அதனால் தானாக உயர்ந்துவிடவில்லை. முன்பு கம்பெனி விதித்த விலைக்கு மாறாக அரசு விதித்த விலைக்கு அவர் விற்றார்.

இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா 1990இல் தொடங்கப்பட்டதும், கொழும்பு வழியாகச் செல்லும் சரக்கை ஈர்க்கும் நோக்குடன் 2025 மே மாதம் விழிஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதும் இதே மாவட்டத்தில்தான். இன்றைய நிறுவனங்கள் கோட்டை கேட்பதில்லை; நிலமும் வரிச்சலுகையும் நீண்டகால உரிமைகளும் கேட்கின்றன. அவற்றைக் காலனியத்தோடு சமப்படுத்துவது மிகை. ஆயினும் ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் பார்த்து இரு கேள்விகளை எழுப்ப அஞ்சுதெங்கின் வரலாறு இடமளிக்கிறது: சலுகையைத் திரும்பப் பெறும் உரிமையை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டதா? கிடைத்த ஆதாயத்தில் உழைத்தவருக்கு எவ்வளவு சேர்ந்தது?