ஒரு கல்தூணும் பல மொழிகளும்

தில்லியில் வாழும் நேயர்கள் பலர், பிரோஸ் ஷா கோட்லாவில் உயர்ந்து நிற்கும் கல்தூணைக் கண்டிருப்பீர்கள். 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அதனைத் தோப்ரா என்னும் ஊரினின்றும் பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தினார். அதில் பொறித்திருந்த எழுத்தைப் படிக்க வல்லார் அன்று ஒருவரும் கிடைக்கவில்லை.

1837-ஆம் ஆண்டில், கல்கத்தா நாணயசாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் அதனைப் படித்தறிந்தார். எழுத்து பிராமி, மொழி பிராகிருதம், பேசுபவன் 'தேவானாம்பிய பியதசி' என்னும் மன்னன். ஆயின் அவன் யாவன்? இலங்கை வேந்தன் ஒருவனாதல் வேண்டும் என்றே பிரின்செப் முதலில் எண்ணினார். இலங்கையில் அரசுப் பணியிலிருந்த ஜார்ஜ் டர்னர் அவ்வாண்டிலேயே விடை கண்டார். பியதசி என்பது சந்திரகுப்தன் பேரனாகிய அசோகனையே குறிக்கும் எனத் தீபவம்சம் என்னும் பாலி நூல் அவருக்குக் கூறிற்று. வடமொழிப் புராணங்களின் அரசர் வரிசையில் வெறும் பெயராக நின்றவன், இவ்வாறு பேசும் மன்னனாக உயிர் பெற்றான். 1915-இல் மஸ்கியில் கிடைத்த கல்வெட்டு அசோகன் என்ற பெயரையே தாங்கி, எஞ்சிய ஐயத்தையும் போக்கிற்று.

அவன் வாழ்ந்த காலத்தை உரைத்தது எம்மொழி? பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு ஐந்து யவன மன்னரைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. அவர்தம் ஆட்சியாண்டுகளைக் கிரேக்க வரலாறு அறியும். அதனால் அசோகன் கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டவன் என்பது உறுதியாயிற்று.

இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்பாரையும் குறிப்பிடுகிறது. இவர் யாவர் என்பது பற்றி அறிஞரிடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. அதியமான் மரபினரே எனக் கருதியவரும் உண்டு. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்றே குறித்து, அக்கருத்துக்குச் சான்றளித்தது. பிராகிருதம் எழுப்பிய வினாவுக்குத் தமிழ் விடை பகர்ந்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்னிடம், "இந்த ஊரில் பிள்ளைக்குத் தமிழ் எதற்கு?" என்று கேட்போர் உண்டு, "பிறமொழி மிகுந்தால் தமிழ் கெடுமே" என்று அஞ்சுவோரும் உண்டு. இருவருக்கும் அத்தூணையே காட்டுவேன். பாலியைப் போற்றிக் காத்தோர் இலரேல், பியதசி யாரென்று அறிந்திரோம். பழந்தமிழைப் படிப்போர் இலரேல், ஜம்பைப் பாறை ஊமையாகவே கிடந்திருக்கும். பள்ளியில் இந்தியோ வங்காளியோ மராத்தியோ பயிலும் பிள்ளை வீட்டில் தமிழும் கற்பானாயின், அவன் சுமப்பது இரு சுமையன்று, இரண்டு திறவுகோல்களே.