அந்த 450 கிராம் எங்கே போனது?

2018 ஜனவரியில் லெனோவோ நிறுவனம் அடுத்தடுத்து இரண்டு அலுவலக மடிக்கணினிகளை அறிவித்தது. ஒன்று திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், ஆறாம் தலைமுறை. மற்றது திங்க்பேட் டி480. இரண்டுக்கும் 14 அங்குலத் திரை, இன்டெலின் எட்டாம் தலைமுறைச் சில்லு, விசைப்பலகை நடுவே சுட்டியை நகர்த்தும் அந்தச் சிவப்புப் பொட்டு. நிறுவனக் கணக்கில் கார்பனின் எடை 1.13 கிலோவில் தொடங்குகிறது, டி480இன் எடை 1.58 கிலோவில். வித்தியாசம் 450 கிராம். அரைக் கிலோ தக்காளிகூட இல்லை, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். ஆனால் அந்த 450 கிராமில் என்னென்ன இருந்தன என்று பிரித்துப் பார்த்தால்தான் இரண்டில் எது யாருக்கு என்பது பிடிபடும்.

அலுவலக மடிக்கணினியில் ஒரு விசித்திரம் உண்டு. காசு கொடுத்து வாங்குபவர் அதைப் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்துபவர் வாங்குவதில்லை. நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு மொத்தமாக வாங்கும், ஊழியர் மூன்று நான்கு வருடம் சுமப்பார். பிறகு அது கூட்டத்தோடு கூட்டமாக ஏலத்துக்குப் போய், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் வந்து அடுக்கப்படும். அங்கே அதை எடுத்துப் புரட்டிப் பார்ப்பவர் கல்லூரி மாணவராகவோ, வீட்டில் இருந்து கணக்கு எழுதுபவராகவோ, என்னைப் போன்ற ஒருவராகவோ இருப்பார். இந்த இரண்டாவது உரிமையாளரை மனத்தில் வைத்து எந்த விமரிசகரும் மதிப்பெண் போடுவதில்லை. நான் போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் கார்பனுக்கு அதன் பங்கு. 2012இல் முதல் தலைமுறை வந்தபோதே 1.36 கிலோதான், ஆறாவதில் இன்னும் இளைத்துவிட்டது. கரிநார் மேல்மூடி, 16 மில்லிமீட்டருக்குள் தடிமன். தோள்பையில் இருக்கிறதா என்று நடுவழியில் ஒருமுறை தொட்டுப் பார்க்கத் தோன்றும். உயர்ரகத் திரையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 500 நிட்ஸ் வெளிச்சம். ஜன்னலோர இருக்கையில் வெயில் முகத்தில் அடித்தாலும் எழுத்து தெரியும். டி480இன் பரிதாபமே திரையில்தான். அடிமட்ட மாடலுக்கு 1366×768 திரை கொடுத்தார்கள், 2018இல்! சற்று தலையைச் சாய்த்தால் நிறம் வெளிறிப்போகும். முழு எச்டி திரைகூட 250 நிட்ஸ்தான். வாசலில் உட்கார்ந்து வேலை செய்ய ஆசைப்பட்டால் உள்ளே போக வேண்டியதுதான்.

வேகத்தில் சண்டை இல்லை. ஏழாம் தலைமுறை வரை இந்த வகை 15 வாட் சில்லுகளில் இரண்டு கருக்கள்தான், எட்டாவதில் நான்காயின. அந்தத் தாவலின் பலன் இருவருக்கும் ஒன்றுபோலவே கிடைத்தது. எக்செல், உலாவி, காணொளிக் கூட்டம் என்று போகும் நாளில் கண்ணைக் கட்டிவிட்டால் எது எதுவென்று சொல்ல முடியாது. இன்னொரு நல்ல காலமும் இருவருக்கும் பொது. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறை இன்டெல் சில்லாவது வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கோடு போட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. ஒரு வருடம் முந்திப் பிறந்த அண்ணன்கள் கோட்டுக்கு வெளியே நிற்க, இவை மயிரிழையில் உள்ளே வந்துவிட்டன.

அப்படியானால் 450 கிராம்? முதல் பங்கு பேட்டரியில் போனது. டி480இல் இரண்டு பேட்டரிகள். உள்ளே 24 வாட்-மணி கொண்ட ஒன்று நிரந்தரமாக இருக்கும். பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடிய இன்னொன்று. அதில் சிறியதும் உண்டு, 72 வாட்-மணி கொண்ட பெரியதும் உண்டு. பெரியதை மாட்டினால் அடியில் புடைத்துக்கொண்டு கணினி முன்பக்கம் சாய்ந்து நிற்கும். எடையும் இரண்டு கிலோவை நெருங்கும். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வெளிப்பேட்டரி தீர்ந்தால் கணினியை அணைக்காமலே உருவி எடுத்து இன்னொன்றைச் செருகலாம். அதுவரை உள்பேட்டரி தாங்கும். மதியம் மின்சாரம் போய், எப்போது வரும் என்று தெரியாத ஊரில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இதன் அருமை விளங்கும். ஐந்து வருடம் கழித்துப் பேட்டரி செத்தாலும் அதே கதைதான்: கடைக்குப் போய் வாங்கி, கையால் மாட்டிக்கொள்ளலாம்.

கார்பனில் 57 வாட்-மணி, ஒரே பேட்டரி, உள்ளே. நியாயமாகச் சொன்னால் அதைப் பசைபோட்டு ஒட்டவில்லை, திருகுதான். அடிமூடியைக் கழற்றத் தெரிந்தவர் மாற்றிவிடலாம். எஸ்எஸ்டியும் அப்படியே. கழற்றவே முடியாதது ரேம். அது மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது, அதிகபட்சம் 16 ஜிபி. நிறுவனம் சிக்கனம் பார்த்து 8 ஜிபி மாடலை வாங்கியிருந்தால், அந்தக் கணினி தன் ஆயுள் முழுக்க 8 ஜிபிதான். எங்கோ ஒரு கொள்முதல் அதிகாரி 2018இல் மிச்சம்பிடித்த தொகைக்கு, முகம் தெரியாத இரண்டாவது உரிமையாளர் வட்டி கட்டுகிறார். டி480இல் இரண்டு ரேம் செருகிகள். 32 ஜிபி வரை போடலாம் என்று நிறுவனமே சொன்னது.

மீதிக் கிராம்கள் சில்லறைச் செலவு. முழு அளவு லேன் துளை டி480இல் உண்டு. கார்பனில் அதற்கென்று தனி டாங்கிள் வேண்டும், அந்த டாங்கிள் பழைய கணினியோடு கூடவே வந்து சேர்வது அரிது. எச்டிஎம்ஐ இரண்டிலும் உண்டு என்பதால் ப்ராஜெக்டர் முன்னால் யாருக்கும் அவமானம் இல்லை.

விசைப்பலகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டச்சுச் சுகத்தில் இரண்டும் உறவுக்காரர்களே. விரலுக்குப் பெரிய பேதம் தெரியாது. பேதம் தேநீர் கொட்டும் நாளில் தெரியும். டி480இல் அடிமூடியைத் திறந்து இரண்டு திருகைத் தளர்த்தினால் விசைப்பலகை மேல்பக்கமாக நழுவி வந்துவிடும். கார்பனில் அது மேல்தட்டோடு சேர்ந்த உறுப்பு. பேட்டரி, மதர்போர்டு என்று எல்லாவற்றையும் இறக்கிவைத்த பிறகுதான் அதை அடைய முடியும். வீட்டையே காலிசெய்து ஒரு கதவை மாற்றுவது போல. சர்வீஸ்காரர் பெருமூச்சு விடுவதிலேயே கூலி எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு கிளைக்கதை. கார்பன் வெளிவந்த புதிதில், மூடிவைத்தால் ஆழ்ந்து தூங்கும் பழைய எஸ்3 நிலை அதில் இல்லை. கைப்பேசி போல அரைத்தூக்கம் மட்டுமே. லினக்ஸ் பயனர்கள் மூடிப் பையில் வைத்த கணினி, திறக்கும்போது பேட்டரி வடிந்து கிடந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின் அதே வருடம் பயாஸில் ஒரு தேர்வைச் சேர்த்துக் கொடுத்தார்கள். டி480இல் அந்த ஆழ்ந்த தூக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. தண்டர்போல்ட் சில்லின் ஃபர்ம்வேர் கோளாறு மட்டும் இரண்டையும் பீடித்தது. நாளடைவில் யுஎஸ்பி-சி துளை வழியாகச் சார்ஜ் ஏறாமல் போகலாம் என்று லெனோவோவே எச்சரித்து, 2017 முதல் 2019 வரையிலான பல திங்க்பேட்களுக்குத் திருத்தம் வெளியிட்டது. பழையது வாங்குபவர் கடையிலேயே இரண்டு யுஎஸ்பி-சி துளைகளிலும் சார்ஜரைச் செருகிப் பார்ப்பது நல்லது.

ஆக, கார்பனில் காணாமல்போன எடையில் பெரும்பகுதி, பின்னாளில் ஒருவர் கைவைத்து மாற்றிக்கொள்ளக்கூடிய பாகங்களின் எடை. முதல் உரிமையாளருக்கு அவை வீண் சுமை. விமான நிலையத்தில் ஓடுகிறவருக்கு ரேம் செருகி எதற்கு? கெட்டால் அலுவலகம் வேறொன்று தரும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் யோசிக்காமல் கார்பனைத்தான் கேட்டிருப்பேன்.

நிறுவனமும் அந்த முதல் ஆளின் பேச்சையே கேட்டது. அடுத்த வருடம் வந்த டி490இல் வெளிப்பேட்டரி போயிற்று. இரண்டு ரேம் செருகிகளில் ஒன்று போய், பாதி ரேம் சால்டராயிற்று. தடித்தவன் ஒல்லியானவனைப் பார்த்து உடம்பைக் குறைத்துக்கொண்டான். 2024இல் காற்று கொஞ்சம் திரும்பியது: பழுதுபார்க்கும் வழிகளுக்குப் பேர்போன ஐஃபிக்ஸிட்டோடு சேர்ந்து வடிவமைத்த டி14 ஐந்தாம் தலைமுறையில் இரண்டு செருகிகளும் மறுபடி வந்தன. அதே வருடம் அறிவித்த பதின்மூன்றாம் தலைமுறை கார்பன் எதிர்த்திசையில் போனது. எடை ஒரு கிலோவுக்கும் கீழே. ரேம் மதர்போர்டில்கூட இல்லை, சில்லின் பொதிக்குள்ளேயே போய்விட்டது.

இன்று பழையதில் எதை எடுப்பது என்று கேட்டால் என் பதில் ரேமிலிருந்து தொடங்கும். 16 ஜிபி கார்பன், நல்ல திரையோடு கிடைத்தால், தினமும் சுமப்பவர் எடுத்துக்கொள்ளலாம். 8 ஜிபி கார்பன் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம். டி480 என்றால் ரேமைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை. திரையை மட்டும் போட்டுக் காட்டச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் வெளிறினால் அது 1366×768. வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள், அடுக்கில் இருக்கும்.