கல்லின் மொழியும் கல்லை நட்டவரும்

வியட்நாமைப் பாண்டியன் ஆண்டான் என்றொரு செய்தி சில ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் உலவி வருகிறது. திருமாறன் என்னும் பாண்டியன் கடல் கடந்து சென்று அங்கே ஓர் அரசை நிறுவினான் என்றும், அதற்குக் கல்வெட்டே சான்று என்றும் அது கூறும். கல்வெட்டு உண்மையானதுதான். வோ கான் கல்வெட்டு என்று அதற்குப் பெயர். ஹனோய் நகரிலுள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அண்மையில் அந்நகரில், அங்கேயே பிறந்து வளர்ந்த தோழி ஒருவருடன் ஒரு நாள் முழுதும் சுற்றும் வாய்ப்புக் கிடைத்தது. காலையில் அவர் எனக்குக் காட்ட விரும்பியதும் மாலையில் நான் காண விரும்பியதும் கல்வெட்டுகளாகவே அமைந்தன. முதலாவது, இரண்டாவதை எப்படி அணுக வேண்டும் என்பதற்கு நல்ல பாடம்.

காலையில் சென்றது இலக்கியக் கோயிலுக்கு. 1070ஆம் ஆண்டில் கன்ஃபூசியசுக்காக லீ மரபு அரசர் எழுப்பியது. 1076இல் அங்கேயே அரசின் உயர்கல்விக் கழகமும் அமைந்தது. இன்று அங்கே 82 கல்வெட்டுப் பலகைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு கல் ஆமை முதுகில் தாங்குகிறது. 1442 முதல் 1779 வரை நடந்த அரசத் தேர்வுகளில் தேறிய ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட அறிஞர்களின் பெயரும் ஊரும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. தேர்வுக்கு முன் மாணவர்கள் வந்து ஆமையின் தலையைத் தடவிச் செல்லும் வழக்கம் பெருகியதால், இப்போது வேலியிட்டுப் பாதுகாக்கிறார்கள்.

“இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டேன். “எனக்குப் படிக்கத் தெரியாது” என்றார் தோழி. அவர் பள்ளி ஆசிரியை, படிப்பாளி. ஆனால் அந்தக் கற்கள் பேசுவது செவ்வியல் சீனம். இன்றைய வியட்நாமியர் எழுதுவதோ ரோமன் எழுத்தில். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார் சமயப் பணிக்காக உருவாக்கிய முறை அது. 1651இல் ரோமில் அச்சான அலெக்சாண்டர் த ரோடின் அகராதி அதன் முதற்பெரும் நூல். அதே எழுத்தைக் கொண்டுதான் 1945இல் விடுதலை அறிவித்த அரசு தன் எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. பழைய தேர்வு முறை 1919இல் முடிந்தபின் சீன எழுத்தறிவும் பொதுமக்களிடமிருந்து மெல்ல விலகியது.

அங்கிருந்து ஹோவான் கியெம் ஏரிக்கு வந்தோம். ‘திருப்பியளித்த வாளின் ஏரி’ என்பது அப்பெயரின் பொருள். சீனத்து மிங் படைகளை விரட்ட லே லோய்க்குத் தெய்வம் ஒரு வாளைத் தந்ததாம். வெற்றிக்குப் பின் இந்த ஏரியில் பொன்னாமை ஒன்று எழுந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாம். இது கதை. இருபது ஆண்டு மிங் ஆட்சியை லே லோய் முறியடித்து 1428இல் அரியணை ஏறியது வரலாறு. அந்த வெற்றியை உலகறிய அறிவிக்க அவருடைய அமைச்சர் நுயென் சாய் ஒரு பேரறிக்கை எழுதினார். அதையும் செவ்வியல் சீனத்தில்தான் எழுதினார். காலையில் கண்ட கற்களில் முதலாவதை 1484இல் நடச் செய்தவர் லே லோயின் பேரன் லே தான் தோங்.

சீனரை எதிர்த்துப் போரிட்டு எழுந்த மரபு, தன் பெருமையைச் சீன மொழியில் கல்லில் வெட்டியது. இந்தக் கற்களைக் காட்டி, “லே மன்னர் சீனர்” என்று யாரேனும் சொன்னால் என் தோழி சிரித்திருப்பார். அக்காலத்தில் கிழக்காசியாவில் கல்விக்கும் ஆட்சிக்கும் உரிய மொழி அது. கற்றோர் யாவரும் அதில் எழுதினர். எழுதியதனால் அவர்கள் பிறப்பு மாறிவிடவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். வோ கான் கல்வெட்டு, நா திராங் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் கண்டெடுக்கப்பட்டது. ஆளுயரத்தை மிஞ்சிய கல். எழுத்து, தென்னிந்திய பிராமி வழிவந்தது, மொழி, சமஸ்கிருதம். காலத்தை 2ஆம் நூற்றாண்டு முதல் 4ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் பலவாறு கணிக்கின்றனர். ஸ்ரீமாரனின் அரசகுலத்தில் வந்த ஒருவன், உலகின் நிலையாமையைச் சொல்லித் தன் பொருளைச் சுற்றத்தாருக்கு உரிமையாக்குகிறான். பல வரிகள் சிதைந்துவிட்டன.

ஸ்ரீமாரன் என்ற பெயரைப் பாண்டியரின் மாறன் என்ற பெயரோடு ஒப்பிட்டவர் சாதாரண ஆள் அல்லர். தமிழும் சமஸ்கிருதமும் நன்கறிந்த பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபில்லியோசா. பிற்காலத்தில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்றொரு பாண்டியனே இருந்தான். எனவே ஒப்பீடு எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆனால் சமஸ்கிருதத்தில் றகரம் இல்லை. கல்லில் உள்ள பெயர் மாறனா, வேறொரு சொல்லா என்று எழுத்தைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. கி.பி. 192ஐ ஒட்டி ஹான் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்து தனியரசு கண்ட உள்ளூர்த் தலைவன் ஒருவனைச் சீன நூல்கள் குறிக்கின்றன. அவனே ஸ்ரீமாரன் என்று கருதும் அறிஞரும் உளர். கல்வெட்டில் மதுரை இல்லை, பாண்டி நாடு இல்லை, தமிழ்ச் சொல்லும் இல்லை.

கடல் கடந்த தமிழருக்குச் சான்று இல்லாமல் போகவில்லை. தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு தமிழிலேயே பேசுகிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் சொல்கிறது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. உறுதியான பெருமை இத்தனை இருக்க, ஓர் ஒலி ஒற்றுமையின் மேல் பேரரசு கட்டவேண்டிய தேவை நமக்கு என்ன?

இத்தகைய உரிமை கோரலில் மறைந்துபோகிறவர்கள் சம்பா நாட்டினர். இந்திய எழுத்தைக் கற்ற அவர்கள் அதில் தம் தாய்மொழியையும் எழுதினர். திரா கியூ அருகே கிடைத்த, 4ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் கல்வெட்டு பழைய சாம் மொழியில் அமைந்தது. அந்த மொழிக் குடும்பம் முழுவதிலும் அதற்கு முந்தைய எழுத்துச் சான்று இல்லை. அவர்களது தலைநகர் விஜயா 1471இல் வீழ்ந்தது. வீழ்த்தியவர், அறிஞர் பெயர்களைக் கல்லில் பொறிக்கச் செய்த அதே லே தான் தோங்.

இதைச் சொன்னபோது தோழி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் பள்ளிப் பாடத்தில் 1471 ஒரு வெற்றி” என்றார். நான் திருமாறன் செய்தியை அவருக்கு விளக்கினேன். நாங்கள் இருவரும் நின்றிருந்தது மூன்றாமவர் ஒருவரின் கல்லின் முன்.

சாம் மக்கள் இன்றும் வியட்நாமில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாழ்கிறார்கள். அந்தப் பழைய எழுத்தின் வழிவந்த எழுத்தை அறிந்தோர் அவர்களிடையே இன்னும் உள்ளனர். வோ கான் கல்லைப் பற்றி அடுத்த முறை ஒரு செய்தி வந்தால், அதைப் பகிரும் முன் அவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.